மெம்பர் சாப்பிட்ட இலை

போன மாதம் எங்கள் வேதக்குடியிருப்புக் கோயிலில் அசனப் பண்டிகை. அசனம் என்றால் சபையார் எல்லாரும் பந்தலில் வரிசையாக உட்கார்ந்து, ஒரே உலையில் பொங்கிய சோற்றை ஒன்றாகச் சாப்பிடுவது. சாப்பாட்டுக்கு முன்னால், புதிதாக வந்திருக்கும் குருவானவர் எழுந்து நின்று பேசினார். "இந்தச் சபையில் முன்னொரு காலத்தில் நேசையா என்று ஒரு பெரியவர் இருந்தாராம். தாலுகா போர்டு மெம்பராம். அப்பேர்ப்பட்டவர் அசனப் பந்தியில் குனிந்து எல்லாருடைய எச்சில் இலையையும் எடுப்பாராம். என்னே தாழ்மை!" என்றார். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள்.

தாழ்மையாவது கத்தரிக்காயாவது! எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே எழுந்து நின்று பேசியிருப்பேன். முழங்கால் வலி எழவிடவில்லை. நேசையா என் தாய்மாமா. அவர் இலை எடுத்தது தாழ்மையால் அல்ல, வெட்கத்தால். மனுஷனை உயிரோடு தின்றுகொண்டிருந்த வெட்கம் அது. அதை இந்தக் குருவானவர் இப்படிச் சர்க்கரை தடவிப் பிரசங்கம் ஆக்குவதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இலை விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாப்பிட்டோம் என்பது அந்தக் காலத்தில் பெரிதல்ல. சாப்பிட்ட இலையை யார் எடுத்தார்கள் என்பதுதான் பெரிது. சமமான விருந்தாளி என்றால் கையைக் கழுவிக்கொண்டு போய்விடலாம், வீட்டுக்காரர்கள் எடுத்துப் போடுவார்கள். நம்மைக் கீழே வைத்திருக்கிற வீடு என்றால், சாப்பிட்டவனே இலையைச் சுருட்டி எடுத்துப்போய் வேலிக்கு வெளியே எறிய வேண்டும். திரும்பி வந்து, உட்கார்ந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகியும் விட வேண்டும். மேலக்கரைப் பெரிய வீட்டில் எங்கள் தாத்தா சாப்பிட்டதெல்லாம் மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால்தான். இலையை எடுத்தவரும் அவர்தான், மெழுகியவரும் அவர்தான். கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து கோயில் கட்டி, பள்ளிக்கூடம் கட்டி, நாங்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகும் அந்த வீட்டு வாசலில் ஒன்றும் மாறவில்லை.

மாமா கருப்பட்டி வியாபாரி. நல்ல மனுஷர். அதை மறைக்க மாட்டேன். கடையில் எடை குறையாது, வாய் நீளாது, ஆனால் பெரிய மனுஷன் ஒருவன் முதுகில் தட்டிவிட்டால் போதும், அன்றைக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்காது. வேதக்காரர்களில் ஒருவர் இருக்கட்டும் என்று கலெக்டர் அவரைத் தாலுகா போர்டில் நியமித்தார். அன்றிலிருந்து மாமா கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாகக் கூட்டத்துக்குப் போவார், கடைசி நாற்காலியில் உட்காருவார், எல்லாவற்றுக்கும் "ஆமா" சொல்லிவிட்டு வருவார். வீட்டில் சாலோமி அத்தை அவரை "மெம்பரே, காப்பி ஆறுது" என்று கேலி செய்வாள். அவருக்கு அது கேலி என்றே தெரியாது. என் அம்மா இறந்ததும் என்னை வளர்த்தது அவர்கள்தான், அதனால் எல்லாவற்றையும் கிட்ட இருந்து பார்த்தேன். எனக்கு அப்போது தாவணி போட்ட வயது.

அந்தச் சமயத்தில், முதல் உலக யுத்தத்துக்குச் சற்று முன்னால், மதராஸ் சட்டசபையில் எங்கள் பக்கத்துக்காக உட்கார்ந்திருந்தவர் திடீரென்று காலமானார். காலியான இடத்துக்கு இடைத்தேர்தல். இப்போதுபோல எல்லாருக்கும் ஓட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஜனங்களுக்கு ஓட்டு ஏது? ஜில்லா போர்டு, தாலுகா போர்டு மெம்பர்கள் மட்டும்தான் போட வேண்டும். தாலுகா கச்சேரிக்குப் போய், அதிகாரி முன்னால் சீட்டில் பேரைக் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் சுற்றுவட்டாரத்து வேதக்காரர்களில் அப்படி ஓட்டு உள்ள ஒரே ஆள் என் மாமா. கடைசி நாற்காலி மெம்பர் ஒரே நாளில் பெரிய ஆள் ஆகிவிட்டார்.

நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாளையங்கோட்டை வக்கீல் குற்றாலிங்கம். இன்னொருவர், சொன்னேனே மேலக்கரைப் பெரிய வீடு, அந்த வீட்டு முதலாளி கைலாசம்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது ஒரு ரோடு. எங்கள் குடியிருப்பிலிருந்து ஆற்றங்கரை ஆசுபத்திரிக்குப் போக நேரான வழி மேலக்கரைப் பெரிய தெரு. போர்டு பணத்தில் கப்பி போட்ட ரோடு அது. நாங்களும் வரி கட்டியிருக்கிறோம். ஆனால் எங்கள் ஆட்கள் அதில் கால் வைக்கக் கூடாது. குளத்துக்கரையைச் சுற்றித்தான் போக வேண்டும். வெயில் காலத்தில் தூரம்தான் கஷ்டம். ஐப்பசியில் குளம் நிறைந்து, மிஞ்சின தண்ணீர் மறுகாலில் பாய்ந்தால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கடக்க வேண்டும். அதற்கு முந்தின மழையில் தேவமணியின் மகள் கிரேஸை வலி கண்டு கட்டிலில் வைத்து அப்படித்தான் தூக்கிப்போனார்கள். மறுகால் தாண்டுவதற்குள் பிள்ளை செத்துப் பிறந்தது. தேவமணி கைம்பெண். பெரிய வீட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளிப் பிழைக்கிறவள். அதற்கும் கொல்லைப்புறத்து வயல் வழியாகத்தான் போவாள், வருவாள்.

கிரேஸ் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். மழைக்காலத்தில்தான் நாள்.

வக்கீல் எங்கள் கோயிலுக்கு வந்து சபையார் முன்னால் பேசினார். மதராஸில் சட்டசபை மெம்பருக்குக் கேள்வி கேட்கிற அதிகாரம் உண்டு என்றார். "போர்டு பணத்துல போட்ட ரோட்டுல ஏன் இவங்க நடக்கக்கூடாதுன்னு நான் கேள்வி போடுவேன். சர்க்கார் பதில் சொல்லித்தான் ஆகணும். அந்தப் பேச்சு எழுந்தாலே இங்கன மறிக்கிறவங்களுக்குக் கை நடுங்கும்" என்றார். கெட்டிக்காரத்தனமாக வேறு எதுவும் பேசவில்லை. குடித்த மோர் செம்பைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் தேவமணி மாமாவிடம் வந்தாள். அழவெல்லாம் இல்லை. "அண்ணாச்சி, நீங்கதான் மெம்பரு. ஒங்க ஓட்டு ரோட்டுக்குத்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

மாமா ஆலயத்துக்குள் பீடத்துக்கு முன்னால் போய் நின்று, எல்லாரும் கேட்க, "என் ஓட்டு ரோட்டுக்குத்தான். சத்தியமாச் சொல்லுதேன்" என்றார். தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு சொன்னார். என் மாமா என்று பக்கத்தில் இருந்தவளிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஓட்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் மேலக்கரையிலிருந்து ஒரு வில்வண்டி வந்து எங்கள் கடை வாசலில் நின்றது. கணக்குப்பிள்ளை இறங்கி, "மொதலாளி ஒங்களைச் சாப்பாட்டுக்கு அழைக்காக" என்றார். சொக்காய் போடாமல் நின்றிருந்த மாமா உள்ளே ஓடி வந்தார். "ஏளா, கோட்டை எடு! ஏட்டி ஜெபராணி, செருப்பைத் தொடச்சு வை!" என்று அத்தையையும் என்னையும் விரட்டி வீட்டை இரண்டாக்கினார்.

அத்தை வாசல்படியை மறித்துக்கொண்டு நின்றாள். "என்ன காரியம் பண்ணுதீய? ஓட்டைப் போட்டுட்டு வாரேன்னு சொல்லி அனுப்புங்க. இப்பம் போயி அங்கன கை நனைக்காதீய" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போனால்கூட காரியம் முடிவாகாமல் அந்த வீட்டில் சாப்பிட மாட்டோம். கை நனைத்துவிட்டால் பிறகு வாய் எழாது. இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், மாமாவுக்கா தெரியாது? ஆனால் அவர், "கூப்பிட்ட மரியாதைக்குப் போகாண்டாமா? சாப்பிட்டா ஓட்டு மாறிருமா? நான் என்ன பச்சப்பிள்ளையா?" என்று அத்தையை ஒதுக்கிவிட்டு வண்டியில் ஏறினார்.

வண்டி பெரிய தெரு வழியாகப் போனது. செருப்புக் காலோடு, குடையும் கையுமாக, எங்கள் ஆட்களில் அந்தத் தெருவில் போன முதல் ஆள் என் மாமா. அதைப் பின்னால் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

சாயங்காலம் திரும்பி வந்த மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! காய்ச்சல்காரன் கண் மாதிரி கண் மின்னியது. "பட்டாசல்ல உக்கார வச்சாருட்டி!" என்றார். பட்டாசல் என்றால் வீட்டு முன்கூடம், சுவாமி படங்கள் மாட்டியிருக்கிற இடம். "தலைவாழை இலை. அவரே தன் கையால நெய் ஊத்துனாரு. 'இன்னுங் கொஞ்சம் போட்டுக்கிடும் வே'ன்னு சொன்னாரு. என்னைய 'வே'ன்னு, சமமான ஆளைச் சொல்லுத மாதிரி சொன்னாரு! சாப்பிட்டு முடிச்சதும் நான் பழக்கதோசத்துல இலையைச் சுருட்டப் போனேன். அவரு என் கையைப் பிடிச்சு, 'விடும் வே, எடுக்க ஆள் இருக்கு'ன்னாரு. கேட்டியா சாலோமி, எடுக்க ஆள் இருக்குன்னுட்டாரு. அவுக வீட்டு ஆளு என் இலையை எடுத்திருக்கான்!"

சொல்லும்போதே மாமா அழுதுவிட்டார். தாத்தா தொழுவத்துக்குப் பின்னால் மெழுகியதை நினைத்துத்தான் அவர் அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அத்தை மட்டும் அழவில்லை. "சரி, ஓட்டு யாருக்கு?" என்றாள்.

"அதை அங்கன போயிப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு மாமா படுக்கப் போனார். அத்தை என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

ஓட்டு நாளில் மாமாவும் குலசேகரன்பட்டினம் முகம்மது சுல்தானும் ஒரே வண்டியில் போனார்கள். சுல்தான் மாமாவின் வியாபாரக் கூட்டாளி, அவரும் போர்டு மெம்பர். வண்டியில் நடந்ததைப் பிற்பாடு அவர்தான் எங்களுக்குச் சொன்னார். மாமா வழி முழுக்க இலைக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாராம். சுல்தான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கும் வண்டி வந்துச்சி அண்ணாச்சி. கையெழுத்தைப் போட்டுட்டு வந்து தாராளமாச் சாப்பிடுதேன்னு திருப்பிட்டேன். ஓட்டு நம்ம சொத்தில்ல பாத்துக்கிடும். ஜனங்க நம்ம கையில குடுத்து வச்சிருக்க அமானிதம்" என்றாராம்.

"சுல்தான், ஒமக்கு இது வெளங்காது" என்றாராம் மாமா. "ஒம்மைய யாரும் தொழுவத்துல வச்சுச் சோறு போடல. கேள்வி கேட்டு ரோடு வாங்கி என்ன செய்ய? மனசு மாறணும்லா? அவரு மனசு மாறியாச்சு வே. என் இலையை எடுத்த வீடு என் ஜனங்க காலை மறிக்குமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இல்லை, மாமா முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசு வரவில்லை என்றார் சுல்தான் எங்களிடம்.

மாமா கைலாசத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

ஒரே ஒரு ஓட்டில் வக்கீல் தோற்றார் என்று சொன்னால் கதை எடுப்பாக இருக்கும். அப்படி இல்லை. இன்னும் பல மெம்பர்கள் பல வீடுகளில் சாப்பிட்டிருந்தார்கள் போல. கைலாசம் நன்றாகவே ஜெயித்தார். மாமா ஓட்டு வக்கீலுக்கு விழுந்திருந்தாலும் தலைகீழாக ஒன்றும் ஆகியிருக்காது. அதைச் சொல்லி நான் மாமாவைத் தேற்றப் பார்த்ததும் உண்டு. "மத்தவுக பீடத்துக்கு முன்னால நின்னு சொல்லலியே" என்பார்.

ஆனால் அது பின்னால். முதலில் அவருக்கு வெட்கமே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நின்று, தான் கைலாசத்துக்குத்தான் போட்டதாகத் தானே சொன்னார். ஜனங்கள் முணுமுணுத்தார்கள். "பொறுங்க வே! பைய எல்லாம் நடக்கும். பட்டாசல்ல இலை போட்டவரு தெருவை விட மாட்டாரா? அவுக ஆளு என் எச்சி இலையை எடுத்திருக்கான்!" என்று கையை வீசிப் பேசினார். கூட்டத்தில் தேவமணி நின்றாள். மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ரோடு போயிற்றே என்ற ஏமாற்றம் என்று நான் நினைத்தேன்.

கடையில் கருப்பட்டி வாங்க வந்தவனிடமும் இலைக் கதை. சவரம் செய்ய வந்தவரிடமும் இலைக் கதை. எனக்கே காது புளித்துப்போனது. நெய் ஊற்றிய கை, 'வே' போட்ட வாய், இலை எடுத்த ஆள். அந்த ஆள் எப்படி இருப்பான், என்ன உடுத்தியிருப்பான் என்றுகூட மாமா கற்பனை பண்ணிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பொய்தான். ஆனால் அவருக்கு அது பொய்யாகத் தெரியவில்லை.

ஐப்பசி பிறந்தது. அந்த வருஷம் அடைமழை. குளம் நிறைந்து மறுகால் பாய ஆரம்பித்த அன்றைக்கு மத்தியானம் கிரேஸுக்கு வலி கண்டது. ஊர்க் கிழவி ஒருத்தி பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டாள். கட்டிலைக் கயிற்றில் கட்டித் தூக்கினார்கள். தேவமணி தலைமாட்டைப் பிடித்துக்கொண்டாள். நானும் அத்தையும் பனையோலைக் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினோம்.

மாமா கோட்டை மாட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். "குளத்துக்கரைக்குத் திரும்பாதீக. நேராப் பெரிய தெருவுக்குப் போங்க. நான் முன்னால போறேன். நான் சாப்பிட்ட வீடு, என்னைய மறிக்க யாரு இருக்கா பாப்போம்" என்றார்.

தூக்கியவர்கள் தயங்கினார்கள். தேவமணி, "அண்ணாச்சி, வேண்டாம். வழக்கமாப் போற வழியிலயே போயிருவோம். நேரம் போகுது" என்று கெஞ்சினாள். மாமா கேட்கவில்லை. அவருக்கு அன்று கிரேஸை ஆசுபத்திரியில் சேர்க்க வேண்டும் என்பது ஒரு பங்கு. தன் இலைக் கதை மெய் என்று ஊருக்குக் காட்ட வேண்டும் என்பது மூன்று பங்கு. கடுமையாகப் பேசுகிறேன் என்று தோன்றினால் தோன்றட்டும்.

தெரு முனையிலேயே கம்போடு நாலைந்து பேர் வந்து மறித்தார்கள். மாமா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "மொதலாளியக் கூப்பிடுங்க. மெம்பர் நேசையா வந்திருக்காருன்னு சொல்லுங்க" என்றார். கட்டிலில் கிரேஸ் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறாள். மழை கொட்டுகிறது. கைலாசம் குடை பிடித்த ஆளோடு வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடத் தேவலை.

"என்ன நேசையா, தெரியாத ஆள் மாதிரி? சுத்திப் போகச் சொல்லும்" என்றார்.

"மொதலாளி, நான் இதே தெருவில வந்து, ஒங்க பட்டாசல்ல..." என்று மாமா ஆரம்பித்தார்.

"அன்னைக்கு நீரு வந்தது என் வண்டியில" என்றார் கைலாசம். திரும்பி உள்ளே போய்விட்டார்.

'வே' இல்லை. அதைக்கூட என் காது கவனித்தது. மாமா சிலை மாதிரி நின்றார். தூக்கியவர்கள் அவருக்காகக் காத்திருக்கவில்லை, கட்டிலைத் திருப்பிக்கொண்டு குளத்துக்கரைக்கு ஓடினார்கள். வந்த வழியே திரும்பி, மறுபடி கரையேற வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் வீண். மாமா பின்னால் ஓடி வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். கோட்டோடு தண்ணீரில் இறங்கினார். தலைப்பாகை மறுகாலில் போயிற்று, அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டே பைத்தியம் பிடித்தவர்போலப் பேசிக்கொண்டு வந்தார். "இருக்காதே... மனசு மாறிட்டாரே... அவுக ஆளு என் இலையை எடுத்தானே... எடுக்க ஆள் இருக்குன்னு அவரே சொன்னாரே..."

தேவமணி கட்டிலின் தலைமாட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முகத்தில் வழிந்த மழையைத் துடைக்கக் கை இல்லாமல், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அந்த ஆளு நான்தான் அண்ணாச்சி."

மாமாவுக்குப் புரியவில்லை. "என்ன?" என்றார்.

"தொழுவத்துல சாணி அள்ளிக்கிட்டு இருந்தேன். கணக்குப்பிள்ளை வந்து, முன்னால ஒரு இலை கிடக்கு, அதை எடுத்து எறிஞ்சிட்டு மெழுகிட்டுப் போன்னாரு. அவுக ஆளு யாரும் தொட மாட்டேன்னுட்டாங்களாம். அசனத்துல எப்பவும் செய்யுத மாதிரி கருவேப்பிலையை எல்லாம் ஒரு மூலையில ஒதுக்கி வச்சிருந்தீய. அதைப் பாத்ததும் ஒங்க இலைதான்னு தெரிஞ்சிட்டு. பட்டாசல் முழுசும் ரெண்டு தடவை மெழுகச் சொன்னாக. மெழுகுனேன். அந்த வீட்டுக்குள்ள நான் கால் வச்சதும் அன்னைக்குத்தான். பைய நடங்க, வழுக்குது."

ஐயோ, அப்போது மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டேன். கோயில் வாசலில் கையை வீசிப் பேசினாரே, கடையில் வந்தவன் போனவனிடம் எல்லாம் சொன்னாரே, அவ்வளவையும் இவள் கேட்டுக்கொண்டு சும்மா நின்றிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமா அன்றைக்கே ஊர் முன்னால் செத்திருப்பார். அவர் மானத்தை அவள் முந்தானையில் மூடி வைத்திருந்தாள். அவர் அவள் ரோட்டை விற்றுவிட்டு வந்திருந்தார்.

கர்த்தர் கிருபை, கிரேஸ் பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது, ஆண் பிள்ளை. ஆனால் கட்டிலைத் திருப்பிக்கொண்டு அலைந்த நேரத்தில் உதிரம் மிஞ்சிப்போய், அவளால் பழையபடி எழுந்து நடமாடப் பல மாதம் ஆயிற்று. அதற்கப்புறம் அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆசுபத்திரி அம்மா, இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று கேட்டபோது மாமா வெளியே மழையில் போய் நின்றுகொண்டார்.

மறு கூட்டத்தில் மாமா போர்டு பதவிக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். கோட்டை அத்தை எங்கே வைத்தாள் என்று கேட்கவே இல்லை. கைலாசம் மதராஸுக்குப் போய் உட்கார்ந்தார், ரோட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் எதற்குக் கேட்கப் போகிறார்? பிற்பாடு பல வருஷம் கழித்து, யார் யாரோ மோதி, கேஸாகி, அந்தத் தெரு எல்லாருக்கும் ஆயிற்று. நாங்கள் எல்லாரும் நடந்தோம். மாமா மட்டும் நடக்கவில்லை. சாகும் வரை குளத்துக்கரையைச் சுற்றித்தான் ஆசுபத்திரிக்கும் சந்தைக்கும் போனார். நான் கோபித்தால், "எனக்கு அந்தத் தெருவில பாத்தியதை இல்லட்டி" என்பார்.

சரி, இலைக்கு வருகிறேன். கிரேஸின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த வருஷம் அசனம் நடந்தது. முதல் பந்தி முடிந்து அவரவர் இலையை அவரவர் எடுக்க ஆரம்பித்தபோது, மாமா ஒரு பனையோலைக் கடகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். வரிசை முனையில் குனிந்து முதல் இலையை எடுத்துக் கடகத்தில் போட்டார். "என்ன அண்ணாச்சி இது, விடுங்க!" என்று ஆண்கள் பதறினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு இலையாக எடுத்துக்கொண்டே பெண்கள் வரிசைக்கு வந்தார். என் இலையையும் எடுத்தார். எனக்கு உயிர் போய்விடும்போல இருந்தது. அத்தை தலையைக் குனிந்துகொண்டு எடுக்க விட்டாள்.

பிறகு தேவமணி. பக்கத்தில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு கிரேஸ். மாமா தேவமணியின் இலைக்கு முன்னால் வந்து நின்றார். இவ்வளவு இலையும் இந்த ஒரு இலைக்காகத்தான் எடுத்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. குனிந்து கையை நீட்டினார்.

தேவமணி தன் கையை இலையின்மேல் வைத்து மூடினாள். கோபம் ஒன்றும் இல்லை அவள் குரலில்.

"வேண்டாம் அண்ணாச்சி. நான் எடுத்துக்கிடுதேன். அடுத்தவுக இலையை எடுக்கது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

தன் இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். மாமா குனிந்தபடியே நின்றார். அந்த வருஷம் மட்டுமல்ல, அதற்குப் பிறகு ஒவ்வொரு அசனத்திலும் மாமா எல்லாருடைய இலையையும் எடுத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நிற்பார். அவள் எடுக்க விடமாட்டாள். அவளுக்கும் வயதாகி, எழுந்திருக்கவே பேரன் கைபிடிக்க வேண்டிய காலத்திலும், தன் இலையைத் தானே எடுத்துக்கொண்டு போனாள். கடைசி வரை அந்த ஒரு இலை மாமா கைக்கு வரவில்லை.